சுபேதாருக்கு ஃபீஸ் கொடுத்தது யார்?

பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவள் என்று அறிமுகப்படுத்தியதும் முதல் வரிசைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். 'லீடர்ஷிப் கோச்' என்று பலகை மாட்டிக்கொண்டு நான் பிழைப்பு நடத்துவதே அந்த நிமிர்ந்த முதுகுகளை நம்பித்தான். காப்பி இடைவேளை வந்தால் யாராவது ஒரு துணைத் தலைவர் பிஸ்கட்டோடு பக்கத்தில் வந்து, "மேடம், கார்கில்ல இருந்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார். இல்லை என்பேன். "சியாச்சின்?" மேலே போனதில்லை, மேலே போகிற மண்ணெண்ணெயை எண்ணியிருக்கிறேன் என்பேன். பிஸ்கட் பாதியில் நிற்கும். தோட்டா பற்றிக் கேட்க வந்த மனுஷனிடம் உருளைக்கிழங்கு மூட்டை பற்றிச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

நான் இருந்தது ஆர்மி சர்வீஸ் கோர். படைக்குச் சோறும் எரிபொருளும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு. மருத்துவத்துக்கும் நர்ஸிங்குக்கும் வெளியே பெண்களை அதிகாரிகளாக எடுக்க ராணுவம் கதவைத் திறந்தது 1992-ல். முதல் அறிவிப்பில் சட்டம், கல்வி, தபால் என்று சில பிரிவுகளைப் போட்டுவிட்டு, எங்கள் பிரிவுக்கு நேராக 'உணவு விஞ்ஞானிகள், கேட்டரிங் அதிகாரிகள்' என்று எழுதியிருந்தார்கள். பெண்பிள்ளையைப் பட்டாளத்துக்கே எடுத்தாலும் அடுப்படிக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு வைத்த அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும். அப்புறம் சிக்னல்ஸ், இன்ஜினியர்ஸ் என்று கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. நான் சில வருஷம் கழித்து வந்தவள். எனக்கு வாய்த்தது ஸ்டூல்.

அதற்கு முன்னால் எஸ்.எஸ்.பி. என்று ஒரு பரீட்சை. பெங்களூரில் ஐந்து நாள் வைத்துப் பார்ப்பார்கள். போனதுமே நெஞ்சில் ஒரு நம்பரைக் கட்டிவிடுவார்கள். அதோடு தாத்தா பார்த்துப் பார்த்து வைத்த பெயருக்கு விடுமுறை. அறுபது வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து விநாடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பன்னிரண்டாவது படம் வெறும் வெள்ளைத் தாள். அதற்கும் கதை எழுத வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்தில் நாலு நிமிஷம் கதை விடுகிற திறமை பிற்காலத்தில் கார்ப்பரேட் உலகில் எவ்வளவு கைகொடுக்கும் என்று அப்போது தெரியவில்லை. மறுநாள் மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கட்டை. சிவப்பு அடித்த இடத்தைத் தொடாமல், எட்டுப் பேர் கொண்ட கூட்டம் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். ஓரமாக ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பார். என்ன குறிக்கிறார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார். இந்தப் பலகையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

பயிற்சி சென்னையில், பரங்கிமலையில். 1963-ல் ஆரம்பித்த பள்ளி அது; ஆஃபீஸர்ஸ் டிரெயினிங் அகாடமி என்ற பெயர் பிற்பாடு வந்தது. பரங்கிமலைக்குப் போகிறேன் என்றதும் எங்கள் சித்தப்பா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்த ஊரைத் தமிழ்நாட்டு வாலிபர்கள் எந்த சினிமாக் கொட்டகையால் அறிந்திருந்தார்கள் என்பதை மரியாதைப்பட்ட பத்திரிகையில் எழுத முடியாது.

மற்ற பெண்கள் ஜம்முவிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் ரயிலில் நாள்கணக்கில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார்கள். நான் கோவில்பட்டியிலிருந்து ராத்திரி ஏறி விடிகாலை இறங்கி, மின்சார ரயில் பிடித்து வந்துவிட்டேன். ஆனால் கேட்டைத் தாண்டியதும் அவர்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள், நான் வெளிநாட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே எல்லாம் இந்தி. டிரில் சொல்லித்தரும் ஹவில்தாரை உஸ்தாத் என்பார்கள். அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்புவார். பக்கத்துப் பெண் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்த்து நானும் திரும்புவேன். பக்கத்துப் பெண்ணோ மிஸோரம்காரி. அவள் என்னைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த வரிசையில் நாங்கள் இருவரும் சேர்ந்து புது திசை ஒன்றைக் கண்டுபிடித்திருந்தோம். அதற்குப் பரிசு ரக்டா: மைதானம் முழுக்கக் குட்டிக்கரணம். வேலிக்கு வெளியே டீக்கடையில் இளையராஜா பாடிக்கொண்டிருப்பார். தமிழ்நாட்டு மண்ணில் தலைகீழாக உருண்டுகொண்டே தமிழ்நாட்டுக்காக ஏங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா பார்க்க வந்தவள் தொப்பி, பெல்ட், முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்ட ஷூ எதையும் கவனிக்கவில்லை. "ஏட்டி, இப்படிக் கறுத்துட்டியே, இனி யாருடி கட்டிக்குவா?" என்றாள். பாஸிங் அவுட் பரேடு அன்று பெற்றவர்கள்தான் தோளில் நட்சத்திரம் குத்த வேண்டும். அம்மா குத்திய பக்கம் ஊக்கு சட்டையைத் தாண்டி உள்ளே போய்விட்டது. விறைப்பாக நின்றிருந்ததால் கத்த முடியவில்லை. நாட்டுக்காக நான் சிந்திய ரத்தம் மொத்தமும் அதுதான். காப்பி இடைவேளையில் கேட்பவர்களுக்கு இனி இதையே சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பிறகு லடாக் பக்கம் ஒரு சப்ளை டிப்போ. அப்போதெல்லாம் அந்த மலைகளில் குளிர்காலம் வந்துவிட்டால் சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொள்ளும். பதினோராயிரத்து ஐநூறு அடிக்கு மேலே இருக்கிற வழி. அது மூடுவதற்குள் மொத்தக் குளிர்காலத்துக்கும் வேண்டிய ஆட்டா, அரிசி, பருப்பு, டின் உணவு, மண்ணெண்ணெய் எல்லாம் கோடையிலேயே லாரி லாரியாக ஏறிவிட வேண்டும். எந்த யூனிட் அரிசி கேட்கும், எந்த யூனிட் ஆட்டா கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்குத் தொடர்ந்து சப்பாத்தி போட்டால் என்ன ஆகும் என்பது எந்தப் போர்த் தந்திரப் புத்தகத்திலும் இல்லை, எனக்குத் தெரியும்.

ஒரு மூட்டைக் கடலைப்பருப்பில் வண்டு விழுந்துவிட்டால் நாமாகத் தூக்கிப் போட முடியாது. அதிகாரிகள் போர்டு கூட வேண்டும். தலைமை வகிக்க ஒருவர், உறுப்பினர்கள் இருவர். மூவரும் அந்த மூட்டையைச் சுற்றி நின்று, வண்டைப் பார்த்து, வண்டு இருக்கிறது என்று தீர்மானித்து, கையெழுத்துப் போட்டு, மேலிடத்துக்கு அனுப்பி, உத்தரவு வரும்வரை மூட்டையைப் பத்திரமாகக் காவல் காக்க வேண்டும். அதற்குள் வண்டு தலைமுறை கண்டுவிடும். பின்னால் பெரிய கம்பெனிகளில் பல கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் போர்டில் கடைசியில் ஒரு முடிவாவது வந்தது.

அந்த டிப்போவில்தான் சுபேதார் சாப் இருந்தார். கர்வால் மலைக்காரர். நரைத்த மீசை. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று ஜவான்கள் முதலில் திண்டாடினார்கள்; சிலருக்கு நான் 'சார்', சிலருக்கு 'மேம் சாப்'. "ராம் ராம், மேடம் சாப்" என்று ஒரு காலையில் அவர் சொன்னார். பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

பட்டாளத்தில் ஒரு விசித்திர ஏற்பாடு உண்டு. காலேஜ் வாசனை போகாத பிள்ளை ஒன்று லெப்டினென்டாக வந்து இறங்கும். அதன் அப்பா வயசுள்ள சுபேதார் விறைத்து நின்று சல்யூட் அடிப்பார். அந்தப் பிள்ளைக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் கற்றுக்கொடுப்பதாகத் தெரியக் கூடாது. மேலதிகாரிக்கு உத்தரவு போட முடியாது, அறிவுரை சொன்னால் மரியாதைக் குறைவு. ஆகவே அவர் கேள்வி கேட்பார்.

புதிதாக வந்த கேப்டன் ஒருவர் ஸ்டாக் எடுக்கிற உற்சாகத்தில், ஷெட்டில் இருக்கிற ஆட்டா மூட்டை எல்லாவற்றையும் வெளியே வெட்டவெளியில் அடுக்கச் சொன்னார். சுபேதார் "ஜீ சாப்" என்றார். போகவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"சாப், வானிலை ரிப்போர்ட் இன்னிக்கு வந்துடுச்சா?"

கேப்டன் போன் போட்டுக் கேட்டார். மத்தியானம் மழை.

"உள்ளயே வெச்சு எண்ணினா எவ்வளவு நேரம் ஆகும், சாப்?" என்று சுபேதாரைக் கேப்டனே கேட்டார்.  பட்டாளத்தில் சுபேதாரையும் 'சாப்' என்றுதான் அழைப்பார்கள்.

"ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடலாம், சாப்."

"அப்ப உள்ளயே எண்ணுங்க."

"பஹுத் அச்சா, சாப்!" சல்யூட் அத்தனை கச்சிதமாக விழுந்தது. ராத்திரி மெஸ்ஸில் கேப்டன், தாம் வானத்தைப் பார்த்தே மழையைக் கணித்த கதையை எங்களுக்கெல்லாம் சொன்னார்.

நாங்கள் ஷார்ட் சர்வீஸ்காரர்கள். முதலில் ஐந்து வருஷம் என்றார்கள், பிறகு பத்து, அப்புறம் பதினாலு. ராமர் வனவாசத்துக்குச் சரியாக வந்து நின்றது. அவருக்குத் திரும்பி வந்தால் ராஜ்ஜியம், எங்களுக்குப் பென்ஷன்கூடக் கிடையாது. நான் வெளியே வந்து வெகுகாலம் கழித்து, 2020 பிப்ரவரி 17-ல், பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தர கமிஷன் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் அரசுத் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று, படை வீரர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்தவர்கள், பெண் தலைமையை ஏற்கும் மனப்பக்குவம் அவர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது. ஹரியானா கிராமத்திலிருந்து வந்த என் டிரைவர் நினைவுக்கு வந்தான். அவன் வீட்டில் அப்பா, பெரியப்பா உட்பட அத்தனை பேரும் அவன் பாட்டிக்குப் பயந்து நடப்பவர்கள். என் தோளில் நட்சத்திரம் இருந்ததால்தான் அவனுக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருந்தது.

வெளியே வந்த அதிகாரிக்கு நம்மூர்க் கம்பெனிகள் கொடுக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: நிர்வாகம். ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு அறை கொடுத்தார்கள். பொறுப்பு என்னவென்று பார்த்தால் கேப் வண்டிகள், ஜெனரேட்டர் டீசல், கேன்டீன். மறுபடியும் முட்டை எண்ணினேன். லடாக்கில் யாரும் முட்டை சரியாக வேகவில்லை என்று தலைமை நிதி அதிகாரிக்கு மெயில் போட்டதில்லை. ஒன்பது மணி மீட்டிங்குக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய் உட்காருவது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அந்த அறையில் நானும் புரொஜெக்டரும் தனியாக நெடுநேரம் பேசிக்கொண்டிருப்போம்.

இதில் நடந்த நல்லது, கேப் தாமதத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்த மேனேஜர்கள் அப்படியே உட்கார்ந்து தங்கள் டீமைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார்கள். நான் குறுக்கிடாமல் கேட்பேன். விறைப்பாக நின்று கேட்டுப் பழகியவளுக்கு உட்கார்ந்து கேட்பது பெரிய சுகம். புலம்பியவர்கள் எதனாலோ தெளிந்து போனார்கள். மனிதவளத் துறையில் ஒரு புண்ணியவதிதான் இதற்கு வெளியே காசு கொடுப்பார்கள் என்ற ரகசியத்தைச் சொன்னாள்.

கோச் ஆக சர்டிபிகேட் வேண்டும். கோச்சுகளுக்கான ஒரு சர்வதேச அமைப்பின் முதல் படிக்கே அறுபது மணி நேரப் படிப்பு, அதன்மேல் நூறு மணி நேரம் நிஜ மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்த கணக்கு. அந்த நூறு மணியைச் சேர்க்கப் புறப்பட்டபோது சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் என்னைக் கண்டு வேறு பந்திக்கு மாறி உட்கார்ந்தார்கள்.

படிப்பின் முதல் பாடம், அறிவுரை சொல்லவே கூடாது. ஒரு தமிழச்சியிடம், அதுவும் பட்டாளத்திலிருந்து வந்தவளிடம் இதைச் சொன்னார்கள். எனக்கு எதிரே பயிற்சிக்கு உட்கார்ந்த பையன், "தினமும் ஆபீசுக்கு லேட்டாப் போறேன், மேடம்" என்றான். ஐந்து மணிக்கு எழுந்திருடா என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "சரியான நேரத்துக்குப் போற நாள் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அவன் யோசித்தான். நான் மௌனம் காத்தேன். அவன் இன்னும் யோசித்தான். உஸ்தாத் வெயிலில் நிறுத்திவைத்த நேரமெல்லாம் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. கடைசியில், "அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும் மேடம்" என்றான், ஏதோ வேதத்தைக் கண்டுபிடித்தவன் போல.

இந்த முறையைப் பிரபலமாக்கியவர் ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன்னால் கார் பந்தய வீரர், 1965-ல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். முதலில் இலக்கைக் கேள், பிறகு இப்போதைய நிலைமையைக் கேள், என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று கேள், கடைசியில் எதைச் செய்யப்போகிறாய் என்று கேள். இதை விளக்கி அவர் புத்தகம் போட்டது 1992. பெண்களுக்கு ராணுவம் ஸ்டூல் போட்ட அதே வருஷம். வகுப்பில் இந்த நாலு கேள்விகளையும் பலகையில் வரிசையாகப் பார்த்தபோது எனக்கு ஆட்டா மூட்டை நினைவுக்கு வந்தது. வகுப்புக்கு நான் கட்டிய பணமும் கூடவே நினைவுக்கு வந்தது.

இப்போது ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளில் இரண்டு நாள் முகாம் நடத்துகிறேன். புல்வெளியில் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கட்டை. சிவப்பைத் தொடாமல் அந்தப் பக்கம் போக வேண்டும். தொப்பி போட்ட பொது மேலாளர்கள் கத்துவார்கள், ஒருவர் மட்டும் எல்லோருக்கும் உத்தரவு போடுவார், கடைசியில் பேசாமல் இருந்த ஒரு பெண் பலகையின் நுனியைப் பிடித்துத் திருப்பிப் போடுவாள். நான் ஓரமாக நின்று நோட்டில் குறித்துக்கொள்வேன். பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதைத்தான் குறிக்கிறேன், பழக்கம் போகவில்லை.

சுபேதார் சாப் ஓய்வு பெற்று பௌரி பக்கம் தன் கிராமத்தில் இருக்கிறார். தீபாவளிக்குப் போன் செய்வார். போன தீபாவளிக்கு, இப்போது என்ன வேலை பார்க்கிறேன் என்று விசாரித்தார்.

"பெரிய அதிகாரிங்ககிட்ட கேள்வி கேக்கறேன், சாப்."

"பதில் யார் சொல்றது?"

"அவங்களேதான்."

"பணம்?"

"அதுவும் அவங்களேதான்."

எவ்வளவு என்று கேட்டார். ஒரு மணி நேரத்துக்கு வாங்குவதைச் சொன்னேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை; லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சொன்ன அதே குரலில் கேட்டார்:

"மேடம் சாப், ஜி.எஸ்.டி. ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்தாச்சா?"

அவருக்கு "ராம் ராம்" சொல்லிப் போனை வைத்துவிட்டு ஆடிட்டரைக் கூப்பிட்டேன். தீபாவளி அன்றைக்கு யாராவது இதற்காகப் போன் செய்வார்களா மேடம் என்று அவர் கேட்டார். மழை வருகிறது என்றேன்.