‘ஏதாவது மாட்டுச்சா?’: நீலகிரி ஏரிக்கரை வினா ஒன்றைப் பற்றிய ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரி ஏரிக்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவரை ‘ஏதாவது மாட்டுச்சா?’ என்று கேட்காமல் எவரும் கடந்து போனதாகச் சான்றில்லை. இவ்வினாவை எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை தொடவில்லை. ஆகவே இத்துறையில் இதுவே முன்னோடி ஆய்வு. இரண்டாவது ஒன்று வரும்வரை இதுவே தலைசிறந்ததும்கூட.

ஆய்வுக் களம், ஸ்ரீமதுரையிலிருந்து கூடலூர், நடுவட்டம் வழியாக மேலே ஏறினால் வரும் பைக்காரா, அதற்கும் அப்பால் எமரால்டு. சொந்த ஊரான ஸ்ரீமதுரையையே களமாகக் கொள்ளாததற்குக் காரணம் உண்டு. பக்கத்து முதுமலை, புலிகள் காப்பகம். அதற்குள் தூண்டில் கூடாது. தவிர, எங்கள் பக்கம் கேட்கப்படும் முதல் கேள்வி ‘ஆனை போயிருச்சா?’ என்பதே. அது வேறு துறை.

2. முன்னாய்வுகள்

1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1873இல் ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். 1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். மூவரும் நம் வினாவைக் கண்டுகொள்ளவில்லை. ஆய்வுலகில் இதை ‘இடைவெளி’ என்பார்கள். இடைவெளி இருந்தால் நிதி கிடைக்கும்.

1939இல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை ஊட்டி ஏரிக்கு வந்தது. உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள் கொண்ட மீன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் அதே இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், ஆபீஸ் ஆபீஸாகத் தாள் காட்டிக் களைத்தார்கள். கெண்டையிடம் யாரும் தாள் கேட்கவில்லை. ‘இது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது’ என்று நெறியாளர் இப்பத்தியை அடித்துவிட்டார். நெறியாளர் ஏரிக்கு ஒருநாளும் வந்ததில்லை. கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில் வரும்.

3. வினவுவோர் வகைப்பாடு

அ. நடந்துகொண்டே கேட்போர்: பதிலுக்கு நிற்பதில்லை.

ஆ. சுற்றுலா வந்தோர்: கேட்டுவிட்டுத் தூண்டிலோடு செல்ஃபி எடுப்பர்.

இ. தாமும் தூண்டில் போடுவோர்: ‘இல்லை’ என்ற பதிலில் மனம் குளிர்வர்.

ஈ. வாளியை எட்டிப் பார்ப்போர்: இவர்களே இந்த ஆய்வின் உயிர். ‘ஒண்ணும் மாட்டலைங்க’ என்ற வாக்குமூலத்தை இவர்கள் ஏற்பதில்லை. முதன்மை ஆதாரத்தைக் கண்ணால் காண வேண்டும். குனிந்து பார்ப்போர், எக்கிப் பார்ப்போர், வாளியைக் காலால் நகர்த்திப் பார்ப்போர் என மூவகைப்படுவர் (டீக்கடை முதல் பெஞ்சு, வாய்மொழி). இரண்டே வகைதான் என்பாரும் உளர் (இரண்டாம் பெஞ்சு, வாய்மொழி, சூடாக).

இவர்கள் வரும் நேரமும் ஆய்வுக்குரியது. மண்புழு கோத்த முள் அடியில் கிடக்க, தக்கை ஒருமுறை துடிக்கும். நிற்கும். மறுபடி துடித்து லேசாகச் சாயும். கெண்டை இரையை உதட்டில் வாங்கி, ருசி பார்த்து, துப்பி, மறுபடி வாங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. மணிக்கட்டு இறுகும். சரியாக அப்போதுதான் வாளி ‘டங்’ என்று நகரும். தக்கை நிமிர்ந்து நிற்கும்.

பார்த்து முடித்ததும் இவர்கள் வழங்கும் தீர்ப்பு: ‘இங்க கிடைக்காது சார், அந்தப் பக்கம் போங்க.’ அந்தப் பக்கம் போனவருக்கு இந்தப் பக்கம் கைகாட்டப்படுகிறது. ஆக, மீன் எப்போதும் எதிர்க்கரையில்தான் இருக்கிறது என்பது நிறுவப்படுகிறது (மசால் வடை மடித்த தாள், எண்ணெய் படியாத மூலை, ஒப்பிடுக: அதே தாள், மறுபக்கம், திருத்திய பதிப்பு, சட்னி நீக்கியது). இந்த மேற்கோளின் மூலத்தைத் தேடிப் போனேன். அது முதல் பெஞ்சைக் காட்டியது. முதல் பெஞ்சு இந்தக் கட்டுரையைக் காட்டியது. ஒருவரை ஒருவர் சுட்டி மூவரும் பேராசிரியர் ஆவது நடைமுறையில் உள்ளதுதான் என்பதால் மேற்கோளை அப்படியே விட்டுவைத்தேன்.

4. மாட்டாமைக்குக் காரணங்கள்

மீன் குளிர் ரத்தப் பிராணி. வடகிழக்கு மழையும் பின்னால் வரும் உறைபனியும் தண்ணீரைக் குளிர்விக்க, கெண்டையின் உடல் இயக்கம் மந்தமாகிறது, பசி குறைகிறது, ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. குளிரை விரும்பும் டிரவுட்டுக்கோ முட்டையிடும் காலம் நெருங்குகிறது. அதன் கவனம் மண்புழுவில் இல்லை. இவ்வளவே காரணம். ஆனால் நான்கு வரியில் முடிவதை ஆய்வு என்று யாரும் ஏற்பதில்லை என்பதால்தான் மேலே மூன்று இயல்கள்.

5. முடிவும் பரிந்துரையும்

ஐப்பசி, கார்த்திகையில் ‘ஏதாவது மாட்டுச்சா?’ என்பதற்குச் சரியான பதில் ‘இல்லை’. கேட்காமலே இதைத் தெரிந்துகொள்ளலாம். கேட்டே தீர வேண்டும் என்றால் கேளுங்கள், வாளியைத் தொடாதீர்கள். வரும்போது ஒரு டீ வாங்கி வந்தால் நலம், சர்க்கரை கம்மியாக.