பெட்டியில் பத்து கிலோமீட்டர், தெருவில் பத்து வீடு

கேள்வி: ஈஸ்டர் விடுமுறைக்கு மூன்று குடும்பம், மூன்று காரில் கிரேட் ஓஷன் ரோடு போகிறோம். போன தடவை பாதி வழியில் போன் சிக்னல் செத்து, புளியோதரை ஒரு காரிலும் தட்டு இன்னொரு காரிலும் மாட்டிக்கொண்டன. வாக்கி டாக்கி வாங்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா?
(புளியோதரை வைத்திருந்தவர், பொயிண்ட் குக்)

பதில்: வாங்குங்கள். கடையில் "யூஎச்எஃப் சிபி" என்று கேளுங்கள். 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டி 80 சானல். ஆஸ்திரேலியாவில் சிபி, அதாவது 'சிட்டிசன்ஸ் பேண்ட்', 1977-ல் சட்டப்படி வந்தது. யூஎச்எஃபில் முதலில் 40 சானல்தான், 2011-ல் அதை இரண்டாகக் கிள்ளி 80 ஆக்கினார்கள். பரீட்சை, கட்டணம், விண்ணப்பம் எதுவும் இல்லை. ஏசிஎம்ஏ என்ற அரசு அமைப்பு 'கிளாஸ் லைசென்ஸ்' என்று ஊருக்கே ஒரே அனுமதியாகக் கொடுத்திருக்கிறது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. வாளி உங்களுடையது, தண்ணீருக்குக் காசில்லை, ஆனால் கிணற்றுக்குள் இறங்கிக் குளிக்கக் கூடாது.

குளிக்கக் கூடாத இடங்கள்: 5-ம் 35-ம் ஆபத்துக்கு மட்டும். 22, 23 இயந்திரங்கள் தரவு அனுப்ப, அங்கே பேச்சே கூடாது. 40 லாரிக்காரர்கள் பேசுவது. சட்டத் தடை இல்லை, ஆனால் அங்கே போய்த் தட்டு எங்கே என்று கேட்டால் வரும் பதிலைப் பின்சீட்டுக் குழந்தைகள் கேட்காமல் இருப்பது நல்லது. 1 முதல் 8, 31 முதல் 38, 41 முதல் 48, 71 முதல் 78 பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களுக்கு உரியவை, அவற்றையும் விட்டுவிடுங்கள். மிச்சத்தில் பேச அனுமதியுள்ள காலிச் சானல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறது. சான்க்சுவரி லேக்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கும் அண்ணனுக்கே கேட்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?
(இரண்டு செட் வாங்கியவர்)

பதில்: பெட்டி பொய் சொல்லவில்லை, பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுவது போலப் பேசியிருக்கிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தலை உயரத்தில் செட்டைப் பிடித்த இரண்டு பேருக்கு நடுவே குறுக்கே எதுவும் இல்லை என்றால், பூமியின் வளைவு மறிக்கும் வரை, சுமார் பத்து கிலோமீட்டர் எட்டும். அப்படிப்பட்ட இடம் கடல்தான். உங்கள் தெருவிலோ செங்கல் சுவர், தகரக் கராஜ் கதவு, அண்ணன் வீட்டுக் குளிர்பெட்டி. ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை யூ யாங்ஸ் குன்றில் ஏறினேன். உயரம் 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். கையில் இருந்தது வீட்டில் இரண்டு தெரு தாண்டாத அதே பழைய செட். உச்சியில் பட்டனை அமுக்கி "யாராவது இருக்கிறீர்களா" என்றேன். ஜீலாங் பக்கம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் போலப் பதில் சொன்னார். செட் மாறவில்லை, நான் நின்ற இடம் மாறியிருந்தது.

கேள்வி: அப்படியானால் 'நல்ல செட்' என்று ஒன்று கிடையாதா?
(அதே ஆள், கொஞ்சம் கோபமாக)

பதில்: உண்டு. ஆனால் வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். யூஎச்எஃப் சிபிக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 5 வாட். 2 வாட்டிலிருந்து 5-க்குப் போனால் கரகரப்பு கொஞ்சம் குறையும், தூரம் இரண்டரை மடங்காகாது. கையில் பிடிப்பதை விட்டுக் காரில் பொருத்துவதை வாங்கி, அன்டெனாவை வெளியே, உயரத்தில் வையுங்கள். காரின் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து கைச்செட்டில் பேசுவது குடத்துக்குள் தலையை விட்டுக் கூப்பிடுவது போல.

அன்டெனாவில் 'டிபிஐ' என்று ஒரு எண் இருக்கும். அதிகம் என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மாவு ஒன்றுதான். குறைந்த டிபிஐ அதை இட்லியாக வார்க்கும்: மேலும் கீழும் தடித்து, அதிகம் பரவாது. கூடிய டிபிஐ தோசையாக வார்க்கும்: மெல்லிசாக, நெடுந்தூரம் பரவும். வெரிபீ சமவெளிக்குத் தோசை. ஆட்வே, கிராம்பியன்ஸ் மலைப் பாதையில் தோசை உங்கள் மைத்துனர் தலைக்கு மேலே பறந்துவிடும், அங்கே இட்லிதான். வாங்கும்போது மைக் கம்பி, தண்ணீர் புகாத மூடி, கையுறையோடு திருக முடிகிற குமிழ் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். விலைச்சீட்டு சொல்லாததை விரல் சொல்லும்.

கேள்வி: செட்டில் 'பிரைவசி கோட்' இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மாமியாரைப் பற்றிப் பேசலாமா?
(பெயர் வேண்டாம், டார்னீட்)

பதில்: பேசலாம், மாமியாரும் கேட்கலாம். அந்தக் கோட் மற்றவர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும், உங்கள் பேச்சை யாரிடமிருந்தும் மறைக்காது. தமிழில் பேசினால் யாருக்குப் புரியும் என்றும் இருக்காதீர்கள். நீங்கள் குடியிருப்பது விண்டம் நகராட்சி.

கேள்வி: அண்ணை, ஒன்லைனில ஒரு சீனச் செட் மலிவா வாங்கினனான். சிபி, பொலிஸ், ப்ளேன் எல்லா அலைவரிசையும் வரும் எண்டு போட்டிருக்கு. பாவிக்கலாமோ?
(ஹொப்பர்ஸ் கிராசிங்)

பதில்: தம்பி, எல்லாக் கதவையும் திறக்கிற சாவியை வைத்திருப்பவனைப் போலீஸ் எப்படிப் பார்க்கும்? சிபியில் பேசும் செட் அதற்கென்று உள்ள தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். உங்களுடையது அதில் சேராது. அமெரிக்காவிலிருந்து அத்தை கொண்டுவந்த செட்டுக்கும் இதே கதி, அந்த அலைவரிசைகள் இங்கே வேறு ஆட்களுக்குக் கொடுத்தவை. 1992-ம் ஆண்டு ரேடியோ கம்யூனிகேஷன்ஸ் சட்டம் அபராதத்தோடு நிற்காது, சிறை வரை போகும். பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கான அமெச்சூர் பரீட்சை பாஸ் செய்தால் அதே செட்டை அமெச்சூர் அலைவரிசையில் மட்டும் பேசப் பயன்படுத்தலாம்.

கேள்வி: அந்தப் பரீட்சை கஷ்டமா? வயது 58.
(ஓய்வுக்குக் காத்திருப்பவர், வில்லியம்ஸ் லேண்டிங்)

பதில்: டிரைவிங் டெஸ்டுக்குப் படித்த அளவு படித்தால் போதும். முதல் படிக்குப் பெயர் 'ஃபவுண்டேஷன்'. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள் ஒன்று, செட்டைக் கையில் கொடுத்து இயக்கச் சொல்லும் செய்முறை ஒன்று. மோர்ஸ் குறி 2004-லேயே போய்விட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து 'ஹாம்' எனப்படும் இந்த அமெச்சூர்களுக்கும் கிளாஸ் லைசென்ஸ்தான், வருடக் கட்டணம் இல்லை. பரீட்சைக்கும் அழைப்புப் பெயருக்கும் மட்டும் ஒருமுறை பணம். விக்டோரியாக்காரர் என்பதால் உங்கள் பெயர் விகே3 என்று தொடங்கும். 10 வாட்டுக்குள் பேசலாம், மேலே 'ஸ்டாண்டர்ட்', 'அட்வான்ஸ்ட்' என்று இரண்டு படி உண்டு. பழக ஆள் வேண்டுமானால் 1910-ல் தொடங்கிய வயர்லெஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆஸ்திரேலியாவோடு சேர்ந்த கிளப்புகள் இருக்கின்றன. ஒன்று மட்டும்: அதில் வியாபாரம் பேசக் கூடாது. இட்லி மாவு ஆர்டர் எடுக்க முடியாது.

கேள்வி: பாஸ் செய்தால் தூத்துக்குடி மாமாவோடு பேசலாமா? இங்கிருந்து ஒரு செட் அனுப்பட்டுமா?
(மருமகள், பொயிண்ட் குக்)

பதில்: அனுப்பாதீர்கள், மாமாவுக்குத்தான் வம்பு. 477 மெகாஹெர்ட்ஸ் அங்கே பொதுக்கிணறு இல்லை. இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் பேச 446 மெகாஹெர்ட்ஸை ஒட்டிச் சின்ன இடம் உண்டு, அரை வாட்டுக்கு மேல் கூடாது. பேச வேண்டுமென்றால் மாமாவும் பரீட்சை எழுதி 'வியூ' என்று தொடங்கும் பெயர் வாங்க வேண்டும். பிறகு, பூமியின் வளைவைத் தாண்டிப் போகும் ஹாம் சிற்றலையில், சூரியன் மனசு வைக்கிற நாளில் 10 வாட்டே கடல் தாண்டும்.

மாமா வேலையற்ற வேலை என்று சிரித்தால் 2004 டிசம்பரைச் சொல்லுங்கள். பாரதி பிரசாத் என்ற ஹாம், அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசிப் பார்க்க அனுமதி வாங்கிப் போர்ட் பிளேரில் செட்டும் அன்டெனாவுமாக உட்கார்ந்திருந்தார். 26-ந் தேதி சுனாமி. போன்கள் செத்தன. பொழுதுபோக்குக்கு வைத்த அதே செட்டில் உறவுகளைத் தேடுபவர்களுக்கான செய்திகள் போய் வந்தன.

கேள்வி: வெரிபீ சவுத்தில் படகு இறக்குகிறேன். சிபி போதுமா?

பதில்: போதாது. கடலில் ஆபத்துக்குக் காது கொடுப்பவர்கள் விஎச்எஃப் மரைன் 16-ம் சானலில் இருக்கிறார்கள். அதில் பேசத் தனிச் சான்றிதழ் உண்டு. வாங்கிவிட்டு மீன் பிடியுங்கள்.

கேள்வி: வீட்டுக்காரர் பரீட்சை பாஸ். இப்போது நாள் முழுக்கக் கராஜில். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. என்ன செய்வது?
(மனைவி)

பதில்: இரண்டு சிபி கைச்செட் வாங்கி ஒன்றை அவர் மேஜையில் வையுங்கள். கராஜ் தகரக் கதவைப் பாதி திறந்து வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கோளாறு ரேடியோவில் இல்லை.