பசறை வட்டாரத்தில் ரெம் பொருத்தும் மரபு: ஓர் ஆய்வு

கம்பியூட்டர் மெதுவாக ஓடுவதற்குக் காரணங்கள் மூன்று என்பர் பசறை அறிஞர்: வைரஸ், திருஷ்டி, ரெம் போதாமை. முதலிரண்டுக்கும் பரிகாரம் ஊரிலேயே உண்டு. மூன்றாவதற்குப் பதுளைக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் அதுவே ஆய்வுக்குரியது.

எந்தக் கம்பனி ரெம்மை வாங்குவது என்பதில் இரு பள்ளிகள் உள. பெட்டியின் மேலுள்ள பெயரே ரெம்மிலும் இருக்க வேண்டும் என்பது கம்பனிப் பள்ளி. இதை மறுப்பது எளிது. உலகின் ரெம் சில்லுகளில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று இடங்களில்தான் பிறக்கிறது. 1987இல் தொடங்கிய கிங்ஸ்டன் போன்றவர்கள் சில்லை வாங்கிப் பலகையில் பதித்துத் தம் பெயரை ஒட்டுகிறார்கள். கொழுந்து மடுல்சீமையில், பெயர் கொழும்புப் பக்கெட்டில். 1883 முதல் கொழும்புத் தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்பிவரும் நாட்டுக்கு இதற்குமேல் உரை வேண்டியதில்லை.

இரண்டாவது, 'போட்டுப் பார்ப்போம்' பள்ளி. இளைஞர் ஆதரவு மிக்கது, ஆபத்தும் மிக்கது. ரெம் தலைமுறைக்குத் தலைமுறை வேறு: டீடீஆர் 3க்கு 240 பின், 1.5 வோல்ட். டீடீஆர் 4க்கு 288 பின், 1.2 வோல்ட். டீடீஆர் 5க்கும் அதே 288தான், ஆனால் 1.1 வோல்ட், நடுவிலுள்ள வெட்டும் வேறிடத்தில். பின் கணக்கை நம்பிப் பெருவிரலால் அழுத்துவோர் உளர். அது ஆராய்ச்சி அன்று, அடிதடி. சேர்வரில் கழித்த மலிவு ரெம்மோ இன்னும் நயவஞ்சகமானது: டீடீஆர் 4இல் அழகாக உள்ளே போகும், திரை மட்டும் வராது.

கள ஆய்வில் பதிவான உரையாடல் ஒன்று:

"அண்ணே, நாலு ஜீபி கெடக்கு. இன்னொரு எட்டு போடலாமா?"

"மதர்போர்ட் என்னா தம்பி?"

"கறுப்பு கலரு, அண்ணே."

நிறம் பொருத்தத்தில் சேராது என்க. விண்டோஸ் 10இல் டாஸ்க் மெனேஜரைத் திறந்தாலே வேகமும், எத்தனை ஸ்லொட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். 2400 உள்ள இடத்தில் 3200ஐச் சேர்த்தால் இரண்டும் 2400இல்தான் ஓடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த காசு தர்மக் கணக்கு. 32 பிட் விண்டோஸ்காரர் 4 ஜீபிக்கு மேல் போடுவதும் அதே கணக்கே.

புதியதைப் போட்டதும் திரை வராமல் 'பீப்' ஒலித்தால் கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். அதற்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரெம்மின் தங்கநிறப் பின்களைப் பிள்ளையின் அழிறப்பரால் மெல்லத் தேயுங்கள். துகளைத் துணியால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு ஓரத்துப் பிடி 'டிக்' என்று விழும்வரை அழுத்துங்கள். மலைநாட்டு ஈரத்தில் வந்த நோய்களில் பல இந்த மலிவுச் சிகிச்சைக்கே அடங்கிவிடும்.

இறுதியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பதுளைக்குப் பஸ் ஏறுமுன் பழைய ரெம்மைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது.