ராத்திரி ரெண்டு மணி வேலை

எங்கள் வீட்டுக் கணினிக்குக் கடிதம் எழுதும் பழக்கம் உண்டு என்பது வெகுநாள் எனக்குத் தெரியாது. டெபியன் லினக்ஸில் ஓடும் பழைய டெஸ்க்டாப் அது. தினமும் ராத்திரி ரெண்டு மணிக்குக் குடும்பப் புகைப்படங்களை இன்னொரு வட்டில் நகலெடுக்கும் வேலையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் ‘கிரான்’ வசம் ஒப்படைத்துவிட்டு, தம்பி பெங்களூருக்குப் போய்விட்டான். நகல் ஒன்றுகூடச் சேரவில்லை என்று தெரிந்ததும் கணினியின் பதிவேட்டைத் திறந்தேன். திரும்பத் திரும்ப ஒரே வரி: மெயில் அனுப்ப நிரல் எதுவும் இல்லை, வந்த வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன்.

விஷயம் இதுதான். கிரான் ஓட்டும் வேலை வாய் திறந்து ஏதாவது சொன்னால் அது திரைக்கு வராது, மெயிலாகப் போகும். ஜிமெயிலுக்கு அல்ல, கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு தபால் பெட்டிக்கு. எங்கள் கணினியில் தபால்காரரை யாரும் நியமிக்கவில்லை. ஆகவே என்ன கோளாறு என்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழித்துப் போட்ட தேதியையும் நேரத்தையும் மட்டும் விநாடி சுத்தமாக எழுதி வைத்திருக்கிறது.

தபால்காரராகப் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவி, ‘உள்ளூர் மட்டும்’ என்று தேர்வு செய்தேன். மறுநாள் டெர்மினலைத் திறந்ததும் ‘உங்களுக்கு மெயில் வந்திருக்கிறது’ என்றது. ஆசையாகப் பிரித்தேன். தம்பியை அழைத்தேன்.

“டேய், ஏதோ நாட் ஃபவுண்டுங்குதுடா.”

“அதே கட்டளைய டெர்மினல்ல நீயே அடிச்சுப் பாருண்ணே.”

அடித்தேன். ஜம்மென்று ஓடியது.

“ஓடுதுல்ல? அப்ப எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்று போனை வைத்துவிட்டான்.

நான் அடித்தால் ஓடுவது கிரான் அடித்தால் ஏன் ஓடவில்லை? சந்தேகத்தைத் தீர்க்க, கிரானுக்குத் தெரிந்த சூழல் மாறிகளை ஒரு கோப்பில் கொட்டச் சொல்லித் தற்காலிகமாக ஒரு வரி சேர்த்தேன். என் டெர்மினலில் அந்தப் பட்டியல் திரை நிரம்பி வழியும். கிரானுக்கோ விரல்விட்டு எண்ணிவிடலாம். நிரல்களைத் தேட அதற்குத் தெரிந்த இடங்கள் இரண்டே இரண்டு: யூஎஸ்ஆர்-பின், பின். தம்பி தன் நிரலை வைத்திருந்தது யூஎஸ்ஆர்-லோக்கல்-பின்னில். இரண்டு தெரு தள்ளி இருப்பவரைக் கிரான் தேடாது, அக்கம்பக்கத்தில் விசாரிக்கவும் செய்யாது. முழுப் பாதையையும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கடிதம் வந்தது. இப்போது இலக்கணப் பிழையாம், அடைப்புக்குறி மூடப்படவில்லையாம். மூடித்தான் இருந்தது, கண்ணால் பார்க்கிறேன். பாதையை எழுதும்போதே, நகல் கோப்பின் பெயரில் அன்றைய தேதி வருவதற்காகச் சதவீதக் குறியும் போட்டிருந்தேன். கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேப்பில் சதவீதக் குறி என்றால் அங்கே வரி முடிந்தது என்று அர்த்தம். முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால்தான் அதைச் சதவீதம் என்று ஒத்துக்கொள்ளும். இது கையேட்டில் தெளிவாக இருக்கிறது. கையேட்டைக் கோளாறு வருமுன் படித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

ஒருநாள் கடிதம் நின்றது. பிழையே இல்லை! பலகாரம் செய்யச் சொல்லலாமா என்று யோசிக்கும்போதுதான் கவனித்தேன், நகலும் இல்லை. மதுரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த அப்பா முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். ஒன்பதரைக்குப் படுக்கப் போகுமுன் சுவரில் இருக்கும் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது அவர் வழக்கம்.

“அப்பா, ராத்திரி ரெண்டு மணிக்கு அதுக்கு வேலை இருக்குப்பா.”

“ராத்திரி ரெண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பறவன் திருடன்டா.”

கிரான் 1970-களின் யூனிக்ஸோடு வந்தது. யூனிக்ஸ் உருவான பெல் ஆய்வகத்துக் கணினிகள் பலர் பகிர்ந்துகொண்டவை. ராத்திரியும் ஓடும் என்று நம்பி வேலை கொடுக்கலாம். அங்கே என் அப்பா இல்லை. குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அந்த வேலையைக் கிரான் மறந்துவிடும். பிறகு வந்து கேட்காது. விடுபட்டதைக் கணினி விழித்த பிறகு செய்துமுடிக்க ‘அனாகிரான்’ என்று வேறொன்று உண்டு. அதை நிறுவி, தம்பியின் கோப்பை அன்றாட வேலைகளுக்கான கோப்புறையில் போட்டேன். ஓடவில்லை. பெயரில் புள்ளி வைத்த கோப்பை அங்கே சீண்ட மாட்டார்களாம். தம்பி ‘.எஸ்ஹெச்’ என்று முடித்திருந்தான். இதற்குக் கடிதம்கூடக் கிடையாது.

ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, டெபியன் போட்டுவைத்திருக்கும் நேரங்களை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். மணிக்கொரு வேலை 17-ஆவது நிமிடத்தில். தினசரி வேலை காலை 6:25. வாராந்தரம் ஞாயிறு 6:47. மாதாந்தரம் முதல் தேதி 6:52.

“அட, ரயில்வே டைம்டேபிள் மாதிரில்ல இருக்கு! விவரமானவன்தான் போட்டிருக்கான். சரி, ஆறு இருபத்தஞ்ச விட்டுட்டா?”

“அதுக்குத்தான்ப்பா அனாகிரான். லேட்டானாலும் வந்துடும்.”

“கேன்சல் ஆகாதுல்ல? அது போதும்.”

அவருக்கு மரியாதை வந்துவிட்டது. உடனே தன் கோரிக்கையையும் வைத்தார்: பென்ஷன் கணக்குக் கோப்புகளை இரண்டாம் சனிக்கிழமை தோறும் பென் டிரைவில் ஏற்ற வேண்டும். இரண்டாம் சனி 8-இலிருந்து 14-ஆம் தேதிக்குள்தான் வரும். கிரான்டேப்பின் தேதிக் கட்டத்தில் அதையும் கிழமைக் கட்டத்தில் சனிக்கான 6-ஐயும் எழுதினால் முடிந்தது என்றுதானே எவரும் நினைப்பார்கள்? கிரான் இரண்டு கட்டத்தையும் ‘அல்லது’ போட்டுப் படிக்கும். எட்டாம் தேதி தொடங்கி ஒரு வாரம் தினமும் ஏற்றியது. போதாததற்கு மற்ற சனிக்கிழமைகளிலும். கிழமைக் கட்டத்தில் நட்சத்திரம் போட்டு, இன்று சனிதானா என்று கட்டளைக்குள்ளேயே கேட்க வேண்டும். கேட்பதற்கும் சதவீதக் குறி வேண்டும். அதற்கு முன்னால் பின்சாய்கோடு வேண்டும்.

திருத்தும்போதெல்லாம் கை நடுங்கும். கிரான்டேப்பைத் திறக்க ‘ஈ’, மொத்தத்தையும் அழிக்க ‘ஆர்’. விசைப்பலகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எழுத்து. அழிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவும் கேட்காது.

எல்லாம் ஒழுங்கான பிறகு அப்பா இன்னொரு வேலை கொடுத்தார். “தினம் சுவத்துக்குச் சுவர் போய் ஸ்விட்ச அணைக்க முடியல. அதையே ஒன்பதரைக்கு அணைஞ்சுக்கச் சொல்லு.” ரூட் பயனரின் கிரான்டேப்பில், முழுப் பாதையோடு, சதவீதக் குறி இல்லாமல் எழுதினேன். அன்று இரவு தம்பியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். எப்படி எல்லாவற்றையும் சரிசெய்தேன் என்று விளக்க ஆரம்பித்தபோது, அவன் முகம் திரையோடு சேர்ந்து அணைந்தது.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரைட் டைம்,” என்றார்.