ஞாயிறு யாருக்கு லீவு?

கேள்வி: மகளுக்கு மாலத்தீவில் டீச்சர் வேலை. நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தச் சின்னத் தீவில் அவளுக்குப் பொழுது போகுமா?
- வாசகர், அனுப்பர்பாளையம்

பதில்: பொழுது நன்றாகவே போகும், உங்களோடு பேசத்தான் நேரம் தேட வேண்டும்! அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு நீங்கள் கால் நீட்டும்போது மகள் வகுப்பில் நிற்பாள். கடிகாரமும் அரை மணி பின்னால். ஞாயிறு மாலையைப் போனுக்கு ஒதுக்குங்கள். சாயங்காலமானால் கரையோரம், இரும்புச் சட்டத்தில் கயிற்று வலை கட்டிய நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்து பேசும். கேரம் காய் தட்டும் சத்தம் கேட்கும். அவளும் போய் உட்காரட்டும், அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். காய்கறி படகில் வருவதால் விலை கூடுதல். சூரை மீன் தாராளம். பெட்டியில் பனியனைக் குறைத்து, பருப்புப்பொடியை நிறைத்து அனுப்புங்கள்.