மூன்றில் ஒரு பங்கு

கேள்வி: தலைவாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிறதே, அந்த அற்ப நிலைமின் விசையா சிலிக்கான் சில்லுக்குள் இயந்திரத்தை ஓட்டுகிறது?

பதில்: அற்பம் என்று சொல்லாதீர்கள், சில மைக்ரான் இடைவெளியில் அது பயில்வான்! எதிரெதிரே இரண்டு தகடுகளை வைத்து மின்னழுத்தம் கொடுங்கள்; அது மாறாமல் தகடுகளின் இடைவெளி பாதியானால் இழுவிசை நான்கு மடங்கு. அசையும் தகட்டைத் தாங்கும் வில்லோ, நகர்ந்த தூரத்துக்கு ஏற்பத்தான் திருப்பி இழுக்கும். மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், தொடக்க இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நகர்ந்ததும் வில் தோற்றுவிடும். தகடு பட்டென்று எதிர்த்தகட்டில் போய் ஒட்டும். 1967-இலேயே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஹார்வி நாதன்சன் குழு இதை எழுதிவிட்டது. வில்லை விறைப்பாக்குங்கள், தகட்டைப் பெரிதாக்குங்கள். ஒட்டும் மின்னழுத்தம் மாறும், அந்த மூன்றில் ஒன்று அசையாது. எவ்வளவு அழகான பிடிவாதம்!

இது எளிய மாதிரிதான். ஓரங்களில் வளையும் மின்புலத்தையும் தகட்டின் வளைவையும் சேர்த்தால் கணினியின் துணை வேண்டும்.

தப்பிக்க வழி? நீங்கள் சொன்ன சீப்பேதான்! 1989-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த அமைப்பில், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சீப்புப் பற்களின் இழுவிசை, நகர்ந்த தூரத்தால் ஏறக்குறைய மாறுவதே இல்லை.