முப்பது வினாடியில் உறவினர் பங்கீடு: தாராவி இட்லி விளம்பரம் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

மும்பைப் பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிப்போருக்கு முன்பு பி.எம்.எம். என்று மூன்றெழுத்துப் பட்டம், இப்போது பி.ஏ.எம்.எம்.சி. என்று ஐந்தெழுத்து. பட்டம் வளர்ந்தும் வகுப்பில் எடுக்கச் சொல்லும் விளம்பரம் வளரவில்லை. அதே முப்பது வினாடிதான். அப்படிப்பட்ட விளம்பரம் ஒன்று எடிட்டிங் மேசையில் பட்ட பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது. விளம்பரப் பொருள்: தாராவியில் விடியுமுன் அவித்து, சைக்கிளில் ஏற்றி, ஹாரன் அடித்து விற்கப்படும் இட்லி. படைத்தோர்: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என மும்பைத் தமிழகத்தின் மூவேந்தர்.

2. கருதுகோள்

மாணவர் விளம்பரத்தில் எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நன்றிக்கடன். அழகியலுக்கு அங்கே வேலையில்லை. சம்பளம் வாங்காமல் நடித்தவருக்கு வினாடிக் கணக்கில் கூலி கொடுத்தாக வேண்டும்.

3. முன்னோர் முடிபுகள்

உலகின் முதல் அதிகாரபூர்வத் தொலைக்காட்சி விளம்பரம் 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில் ஒளிபரப்பான புலோவா கடிகார விளம்பரம். நீளம் பத்து வினாடி. அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு கடிகாரம்; வேறு யாரும் இல்லை. கடிகாரத்துக்குச் சித்தப்பா கிடையாது என்பதை ஆய்வாளர்கள் இதுவரை கவனிக்கத் தவறிவிட்டனர்.

படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டு நல்லதா என்று பார்க்க ஆறு அளவுகோல்களை வகுத்தார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. மீதியைப் பார்வைத் தடமும் திரைத் தளமும் முப்பரிமாண வெளியும் பங்கிட்டுக்கொள்கின்றன. வினாடிக்கு 25 ஃப்ரேம் வீதம் முப்பது வினாடிக்கு 750 ஃப்ரேம். எனவே உணர்ச்சிக்கு 382.5 என்று கணக்கிட்டோம். மர்ச் காதில் விழுந்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆயினும் ஆறில் ஓர் அளவுகோல்கூட உறவுமுறையைக் குறிப்பிடாதது பெருங்குறை.

4. தரவுகள்

தாராவி மாணவர் சைக்கிளை இரவல் வாங்கியது தெருவில் இட்லி விற்கும் அண்ணாச்சியிடம். ஆகவே அண்ணாச்சி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் போவது முழுதாக வர வேண்டும். காட்சிக்கு முன்பே ஒலி வருவதை எடிட்டர்கள் ஜே கட் என்பார்கள். ஆள் தெரியுமுன் மாடிவீட்டுக்காரருக்கு ஹாரன் கேட்டுவிடுவதால், இந்த உத்தி அண்ணாச்சிக்குப் பரம்பரைச் சொத்து.

மாட்டுங்கா மாணவியின் பாட்டி இட்லியைச் சுவைத்துப் புன்னகைக்க வேண்டும். பாட்டி சிரிக்கவில்லை. சலனமற்ற முகத்தை அடுத்து உணவைக் காட்டினால் பார்ப்பவர் அம்முகத்தில் பசியைக் காண்பார் என்ற ரஷ்ய இயக்குநர் குலெஷோவின் சோதனையை நம்பி இட்லியை ஒட்டினர். போட்டுக் காட்டியதும் பாட்டி சொன்னார்: "நன்னாத் தெரியறது. அதுல உப்பு இல்லைன்னு மூஞ்சியே சொல்றதே."

செம்பூர் மாணவியின் சித்தப்பா கேமரா தந்தவர். 2014இல் செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மோனோ ரயிலை அவரே முன்பு படமெடுத்துவைத்திருந்தார்; அதுவும் விளம்பரத்தில் வர வேண்டும். இட்லிக்கும் மோனோ ரயிலுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. கேமராவைத் திருப்பிக் கேட்டுவிடுவார்.

முதல் தொகுப்பான ரஃப் கட் ஓடியது ஒன்றரை நிமிடம். அப்போது நடந்த உரையாடல்:

"பாட்டியைக் கட் பண்ணினா நான் வீட்டுக்குப் போக முடியாதுடா."

"அப்ப அண்ணாச்சியைத் தூக்கவா? நாளைக் காலைல நான் யார்கிட்ட இட்லி வாங்குறது?"

ரஃப் கட் கல்யாணப் பத்திரிகை மாதிரி. பெயரைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது.

இறுதிப் பங்கீடு: அண்ணாச்சிக்கு 250 ஃப்ரேம், பாட்டிக்கு 200, மோனோ ரயிலுக்கு 125, பெயர்ப் பலகைக்கு 125. மிச்சம் 50 இட்லிக்கு. அதிலும் கொப்பரை மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவி லென்ஸில் படிந்து 30 ஃப்ரேமை விழுங்கியது. இட்லி இட்லியாகத் தெரிவது 20 ஃப்ரேம். ஒரு வினாடிகூட இல்லை.

5. ஓர் ஆட்சேபம்

"தொழில்முறை விளம்பரத்திலும் பொருளைவிட மற்றதுதானே அதிகம்?" எனலாம். 1970களில் லிரில் சோப்புக்காகக் கொடைக்கானல் பாம்பாறு அருவியில் ஒரு பெண் குளித்தார். திரை முழுக்க அருவிதான். ஆனால் அருவி யாருக்கும் பெரியப்பா அல்ல. தன்னை இன்னும் சற்று நேரம் காட்டச் சொல்லி அது போன் செய்யவில்லை. கடைசியில் சோப்பின் பெயர்தான் அருவிக்கு ஒட்டிக்கொண்டது: லிரில் அருவி. நம் விளம்பரம் வெளியானபின் தெருவில் எல்லோரும் கேட்டது, "அந்தப் பாட்டி யாரு?"

6. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. முப்பது வினாடிக்குள் சிபாரிசுக்கு ஆளில்லாமல் நின்றது இட்லி ஒன்றே. ஆதலால் ஒவ்வொரு குழுவிலும் விளம்பரப் பொருளின் தரப்பில் வாதாட ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் யாருக்கும் உறவினராக இருக்கக் கூடாது. சைக்கிளோ கேமராவோ இரவல் தந்திருக்கக் கூடாது. எடிட்டிங் முடியும்வரை அவருக்குச் சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது.